கழித்தல் பக்கம் சாயும் முள்

பழைய புல்லட் வண்டியின் முகப்பு விளக்குக் கூட்டில் சிறிய வட்டக் கருவி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் நடுவில் சுழியும், ஒருபுறம் கூட்டல் குறியும், மறுபுறம் கழித்தல் குறியும் இருக்கும். பட்டறைகளில் ‘ஆம்ப் மீட்டர்’ என வழங்கும் இம்மின்னோட்டமானியை அணிகலனாக மட்டுமே கருதுவோர் பலர். மின்கலத்துள் மின்சாரம் ஏறும்போது முள் கூட்டல் பக்கமும், இறங்கும்போது கழித்தல் பக்கமும் சாயும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போதும் முள் கழித்தல் பக்கமே நின்றால், வண்டி தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது பொருள். சிறிது நேரத்தில் விளக்கு மங்கும்; ஒலிப்பான் கம்மும். தீப்பொறிக்கும் மின்கலத்தையே நம்பியிருக்கும் வண்டியாயின், பின்னால் சரக்குந்து வரும் இருட்டுச் சாலையில் பொறியும் நின்றுவிடும்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கைகோத்தது. அதன் பயனாகத் திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட்டுகளில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் இரும்பு உறுதியானது. மின்கம்பிகளோ முதுமை எய்திவிட்டன.

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். புல்லட்டின் மின்னாக்கியும் அவ்விதிப்படியே இயங்குகிறது. பொறியின் சுழல்தண்டு முனையில் காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ்ந்து கம்பிச்சுருள்கள் அசையாது நிற்கின்றன. அவற்றில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். மின்கலம் ஏற்பதோ நேர்திசை மின்னோட்டம். ஆகவே, இடையில் மின்திருத்தி நின்று திசையை ஒழுங்குசெய்கிறது. பிற்கால 12 வோல்ட் வண்டிகளில், அழுத்தம் அளவு மீறாதவாறு சீராக்கியும் காவல் நிற்கிறது.

கோளாறு நேர்ந்ததும் புதிய மின்கலம் வாங்கிப் பொருத்துவதே பலர் வழக்கம். ஏறும் வழி அடைபட்டிருக்க, குடத்தை மாற்றி என்ன பயன்? சில நாள்களில் புதிய மின்கலமும் உயிரிழக்கும். மாதச் சம்பளத்தின் ஒரு பங்கு வீணாகும். எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்லும் ஆய்வே செலவைக் காக்கும்.

முதலில் கண்ணால் காண வேண்டும். மின்கல முனைகளில் வெண்பொடியோ பச்சைப் பொடியோ படிந்திருந்தால் மின்னோட்டம் தடைப்படும். வண்டியின் உடலோடு இணையும் ‘எர்த்’ கம்பி துருவின்மீது முடுக்கப்பட்டிருப்பதும் உண்டு. பழைய வண்டிகளின் கோளாறுகளுள் கணிசமானவை உப்புத்தாளால் தேய்த்தலிலேயே தீர்ந்துவிடும். உருகி அறுபட்டிருந்தால், அது ஏன் அறுந்தது என்று தேடாமல் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது தீவிபத்துக்கு அழைப்பு விடுப்பதாகும்.

அடுத்துப் பன்னோக்கு அளவி தேவை. கம்மியர் இதை ‘மல்டிமீட்டர்’ என்பர். பொறியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நலமான 12 வோல்ட் ஈயஅமில மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே வந்திருந்தால், தனியே மின்னேற்றிய பின்னரே மேலே ஆராய வேண்டும். பின்பு பொறியை இயக்கி, வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை உயர்ந்தால் மின்னேற்றம் நடைபெறுகிறது. 15ஐத் தாண்டினால் சீராக்கி பழுது. மின்கல நீர் விரைந்து வற்றும். அளவு உயரவே இல்லையெனில் குறை மின்னாக்கியிலோ திருத்தியிலோ அவற்றை இணைக்கும் கம்பியிலோ உள்ளது.

இவற்றைப் பிரித்தறிய, மின்னாக்கிக் கம்பிகளைக் கழற்றி, அளவியை மாறுதிசைக்கு மாற்றி அளக்க வேண்டும். வேகம் கூடக்கூட வோல்ட்டும் கூடினால் சுருள் நலமே. ஐயம் திருத்திமீது விழும். கூடவில்லையெனில் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது அதன் காப்புறை உரிந்து உடலைத் தொட்டிருக்கலாம். சில வண்டிகளில் சுருளின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டே வரும். எனவே அவ்வண்டிக்குரிய கையேட்டைப் பார்க்காமல் தீர்ப்புக் கூறலாகாது. புல்லட்டின் மின்னாக்கி இடப்புற மூடிக்குள், எண்ணெயும் சங்கிலியும் இருக்குமிடத்தில் அமைந்துள்ளது. சங்கிலி தளர்ந்து கம்பியை உராய்வது அங்கு இயல்பான குறை.

பொறி ஓடும்போதே மின்கல முனையைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது சோதனையன்று, சேதம். தாங்குவாரின்றி எழும் உயர் அழுத்தம் திருத்தியையும் விளக்குகளையும் ஒருசேர எரித்துவிடும்.

எல்லாம் நலமாக இருந்தும் முள் கழித்தல் பக்கமே நின்றால், செலவைக் கணக்கிட வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். 100 வாட் விளக்கோ 8 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். அழகுக்காகக் கூடுதல் விளக்கு இரண்டைப் பூட்டிவிட்டு மின்னாக்கியைக் குறைகூறும் உரிமையாளர் அரியரல்லர். அத்தகைய வண்டியில் கழற்ற வேண்டியது மின்னாக்கியை அன்று; அந்த விளக்குகளையே.