ஜம்போ விமானத்தின் எண்ணெய்க் கணக்கு

மண்ணெண்ணெய் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை அரிக்கேன் விளக்கும், காற்றடித்து எரிக்கும் ஸ்டவ் அடுப்புமே ஆகும். நூற்றுக்கணக்கான மக்களை ஏற்றிக்கொண்டு கடல் கடந்து செல்லும் ஜெட் விமானத்தின் உணவும் ஏறக்குறைய அதே மண்ணெண்ணெய்தான் என்பதை அறியும்போது சிறிது வியப்பு உண்டாகிறது. விமானத்துக்கு உரியது மேலும் நன்கு தூய்மை செய்யப்பட்டது. நீரும் தூசும் நீக்கப்பட்டது. பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரையில் உறையாதிருக்கும்படி பக்குவம் செய்யப்பட்டது. இவ்வேறுபாடுகளைத் தவிர்த்துப் பார்த்தால் குலம் ஒன்றே.

ஆயின், அடுப்புக்கும் விமானத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அடுப்பில் எண்ணெய் தீர்ந்தால் அணைத்துவிட்டு, ஆறிய பின்பு மீண்டும் ஊற்றிக்கொள்ளலாம். சமையல் சற்றுத் தாமதமாகும்; அவ்வளவே. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் அவ்வாறு செய்ய இயலுமா? ஆகவே, விமானத்தை அமைப்பவர்கள் எண்ணெயை மூன்று கண்கொண்டு பார்க்கின்றனர். அது எஞ்சினுக்கு உணவு, இறக்கைக்குச் சுமை, கவனம் தவறினால் அனைவருக்கும் அபாயம். இம்மூன்றையும் ஒருங்கே ஆள்வதுதான் எரிபொருள் ஏற்பாட்டின் வேலை.

இதனை விளக்குவதற்குப் போயிங் 747-400 என்னும் நான்கு எஞ்சின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஜம்போ என்று உலகம் செல்லப்பெயர் இட்டு அழைத்த 747 குடும்பத்தின் முதல் விமானம் 1969 பிப்ரவரி 9இல் பறந்தது. ஏர் இந்தியா நிறுவனம் 1971இல் இதனைப் பெற்றது. 1993இல் 747-400 வகையையும் வாங்கியது. அவ்விமானங்களுள் ஒன்று ‘தஞ்சாவூர்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மும்பையிலும் டில்லியிலும் குடியேறி வாழும் தமிழர் பலர் இவ்விமானங்களை அண்ணாந்து பார்த்திருப்பர். சிலர் ஏறியும் சென்றிருப்பர். ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போ 2024 ஏப்ரலில் மும்பையை விட்டு நீங்கியது. போயிங் கம்பெனி இக்குடும்பத்தின் கடைசி விமானத்தை 2023 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டது. எனினும், வேறு நாட்டுக் கம்பெனிகள் சில இன்றும் ஜம்போக்களைப் பறக்கவிடுகின்றன.

747-400 விமானம் முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 2,16,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். 12,000 லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரிகள் 18 வந்து நின்றால்தான் அதன் வயிறு நிரம்பும். இதன் எடை சுமார் 170 டன். விமானம் தரையை விட்டு எழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை சுமார் 397 டன். அதாவது, நெடுந்தூரப் பயணத்துக்குப் புறப்படும் ஜம்போவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் எண்ணெயே! பயணிகளும் அவர்களுடைய பெட்டிகளும் அதன் முன்னே சிறு சுமைதான்.

இவ்வளவு எண்ணெயையும் எங்கே வைப்பது? ஒரே தொட்டியில் அன்று, எட்டுத் தொட்டிகளில். ஒவ்வோர் இறக்கையிலும் இரண்டு பெரிய தொட்டிகள் உண்டு. உட்புறத்தது சுமார் 47,000 லிட்டரும், வெளிப்புறத்தது சுமார் 17,000 லிட்டரும் கொள்ளும். அவற்றுக்கும் அப்பால், இறக்கையின் நுனியை நோக்கி, சுமார் 5,000 லிட்டர் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று உண்டு. இவ்வாறு இரு இறக்கைகளிலும் சேர்ந்து ஆறு. இரண்டு இறக்கைகளும் உடலோடு சேருமிடத்தில், பயணிகளின் காலடிக்குக் கீழே, சுமார் 65,000 லிட்டர் கொள்ளும் நடுத்தொட்டி ஏழாவது. வாலின் கிடைச்சிறகில் உள்ள தொட்டி எட்டாவது; அது சுமார் 12,500 லிட்டர் கொள்ளும். இறக்கைக்குள் தனியே ஒரு பாத்திரத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. இறக்கையின் உட்கூட்டையே கசிவின்றி அடைத்துத் தொட்டியாக்கியிருக்கிறார்கள். இறக்கையே தொட்டி, தொட்டியே இறக்கை.

எண்ணெய் நிறைந்த டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் தடைப்பட்டுத் தடைப்பட்டு விழுவதை நாம் கண்டிருக்கிறோம். எதிர்ப்புறம் மற்றொரு துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் அது சீராக ஒழுகும். விமானத் தொட்டிக்கும் இதே நியாயம்தான். எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தைக் காற்று வந்து நிரப்ப வேண்டும். இதற்காகத் தொட்டிகளிலிருந்து மூச்சுக்குழாய்கள் சென்று வெளிக்காற்றோடு தொடர்பு கொள்கின்றன.

இனி, எஞ்சினுக்கு உணவு ஊட்டும் முறையைக் காண்போம். இறக்கைகளில் உள்ள நான்கு பெரிய தொட்டிகளும் நான்கு எஞ்சின்களுக்கும் உரியவை. ஓர் எஞ்சினுக்கு ஒரு தொட்டி. ஒவ்வொரு தொட்டியிலும் மின்சாரப் பம்புகள் இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்யும். இரண்டும் நின்றுபோயினும் எஞ்சின் தானே தன் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள வல்லது; மிக உயரத்தில் மட்டும் அதன் வலிமை குறையக்கூடும். இவையன்றி, நான்கு எஞ்சின்களையும் எட்டும் பொதுக்குழாய் ஒன்று இறக்கைகளின் ஊடே செல்கிறது. அதிலுள்ள வால்வுகளைத் திறந்தால் எந்தத் தொட்டியின் எண்ணெயையும் எந்த எஞ்சினுக்கும் அனுப்பலாம். ஒரு வாய்க்கால் அடைபட்டால் மறு மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் குடியானவனின் வித்தையே இது. எங்கோ ஒரு பழுது நேர்ந்தாலும் ஓர் எஞ்சின்கூடப் பட்டினி கிடக்கலாகாது என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி.

அடுத்த கேள்வி, எந்தத் தொட்டியை முதலில் காலி செய்வது என்பது. எதனை எடுத்தால் என்ன என்று தோன்றக்கூடும். ஆனால் விமானத்தின் உறுதியே இவ்வரிசையைப் பொறுத்திருக்கிறது. ஒரு நீண்ட மூங்கிலைப் பத்துப் பேர் வரிசையாய் நின்று தோளில் தாங்குவதாகக் கொள்வோம். சுமை முழுவதையும் நடுவில் தொங்கவிட்டால் மூங்கில் அங்கே வளைந்து முறியப் பார்க்கும். அதே சுமையைப் பத்துப் பங்காக்கி ஒவ்வொருவர் தோளருகிலும் கட்டினால் மூங்கிலுக்கு யாதொரு துன்பமும் இல்லை. பறக்கும் விமானத்தைக் காற்றானது இறக்கையின் நீளம் முழுவதிலும் மேல்நோக்கித் தாங்குகிறது. உடலின் பாரமோ நடுவில் கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே இறக்கைகள் மேலே வளைகின்றன. இறக்கைக்குள் இருக்கும் எண்ணெய் தன் எடையால் அவ்வளைவைக் குறைத்து, இறக்கையின் வேர்ப்பகுதிக்கு ஆறுதல் அளிக்கிறது. எனவே நடுவிலுள்ள எண்ணெயை முதலில் செலவிட வேண்டும். நுனியில் உள்ளதைப் பின்னரே தொட வேண்டும்.

இவ்வரிசை தவறாமல் நடப்பதற்குச் செய்துள்ள ஏற்பாடு மிக எளியது. அதனாலேயே நம் பாராட்டுக்கு உரியது. நடுத்தொட்டியின் பம்புகள் இறக்கைத் தொட்டிகளின் சாதாரணப் பம்புகளைவிட அதிக அழுத்தம் உடையவை. எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பினும், வலிமை மிக்கதன் எண்ணெயே குழாயில் முந்திக்கொள்கிறது. மற்றவை தம் முறைக்காகக் காத்து நிற்கின்றன. நடுத்தொட்டி வற்றி அதன் அழுத்தம் குறைந்த அக்கணமே, காத்திருந்தவை பொறுப்பை ஏற்கின்றன. எஞ்சினுக்கு இந்த மாற்றம் தெரிவதேயில்லை.

நடுத்தொட்டி ஓரளவு குறைந்ததும் வாலில் உள்ள எண்ணெய் அதற்குள் வந்து சேர்கிறது. அதன்பின் உட்புறத் தொட்டிகளிலுள்ள வலிமை மிக்க பம்புகள் நான்கு எஞ்சின்களுக்கும் எண்ணெய் தருகின்றன. அவையும் பாதிக்குக் கீழே இறங்கும்போது நுனித் தொட்டிகளின் எண்ணெய் அவற்றுள் இறங்குகிறது. முடிவில் நான்கு தொட்டிகளிலும் எண்ணெய் சமமாகிறது. அப்பொழுது விமானி பொதுக்குழாயின் வால்வுகளை மூடி, அவரவர் பானை அவரவர் அடுப்புக்கு என்று பிரித்துவிடுகிறார். தரையிறங்கும் வேளையில் ஒரு தொட்டியின் குறை மற்றோர் எஞ்சினைத் தாக்காதிருக்க இதுவே நல்ல வழி.

புறப்பட்ட சிறிது நேரத்தில் ஏதோ பழுது காரணமாகத் திரும்ப நேர்ந்தால் என் செய்வது? எழும்பக்கூடிய எடை 397 டன் ஆயினும், தரையிறங்க அனுமதிக்கப்பட்ட எடை சுமார் 286 டன்தான். அதைவிட மிகுதியான எடையோடு இறங்கினால் சக்கரங்களும் சட்டங்களும் அளவு மீறிய அதிர்ச்சிக்கு உள்ளாகும். ஆதலால் இறக்கை நுனிக்கு அருகில் உள்ள குழாய்களின் வழியாக எண்ணெயை வானிலேயே கொட்டிவிட வசதி செய்திருக்கிறார்கள். போதிய உயரத்தில் கொட்டும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிக் கலைந்துவிடும். அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதபடி, பம்புகளின் வாய்கள் தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே வைக்கப்பட்டுள்ளன. இறங்குவதற்கு வேண்டிய எண்ணெய் எப்படியும் மிஞ்சும்.

எண்ணெயை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் கடையில் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். விமானிகளோ கிலோ கணக்கில் பேசுகிறார்கள். வெயிலில் எண்ணெய் விரியும், குளிரில் சுருங்கும், லிட்டர் மாறும். எடையோ மாறாது, எஞ்சினுக்குக் கிடைக்கும் வெப்பமும் எடையைப் பொறுத்ததே. இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதை 1983 ஜூலை 23 உலகுக்கு உணர்த்தியது. அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று எண்ணெய்மானி பழுதான நிலையில் புறப்பட்டது. அது இரண்டு எஞ்சின் விமானம். ஆயினும் பாடம் எல்லா விமானங்களுக்கும் பொது. குச்சியிட்டு அளந்த லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கு உரிய 0.8 என்னும் எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய 1.77 என்னும் எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். வேண்டியதில் பாதியளவுகூட எண்ணெய் இல்லை. 41,000 அடி உயரத்தில் செல்கையில் எண்ணெய் தீரத் தொடங்கி, சற்று நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானிகள் அதனைச் சறுக்கு விமானம்போல் ஓட்டி, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினர். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஒரே ஓர் எண்ணின் பிழை அத்தனை பேரையும் எத்தகைய விளிம்புக்குக் கொண்டு சென்றது!

தண்ணீரும் எண்ணெய்க்குப் பகையே. தொட்டிக்குள் புகும் காற்றின் ஈரம் குளிரில் நீராகி அடியில் தங்கும். உயரே சென்றால் பனிக்கட்டியாகும். ஆகவே தரையில் நிற்கும்போது தொட்டியின் அடிவால்வைத் திறந்து நீரை வடித்துவிடுகிறார்கள். எஞ்சினின் சூடான மசகெண்ணெயைக் கொண்டு எரிபொருளைச் சூடாக்கும் கருவியும் உண்டு. அக்கருவியின் வாயிலேயே பனி அடைத்துக்கொண்டதால், 2008 ஜனவரி 17இல் லண்டன் ஹீத்ரூ நிலையத்தில் இறங்க வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 விமானம் விசை இழந்து ஓடுபாதைக்கு முன்பே தரை தட்டியது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். அதன்பின் அக்கருவியின் வடிவம் மாற்றப்பட்டது.

எல்லாவற்றிலும் கொடிய பாடம் 1996 ஜூலை 17இல் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் ஜம்போ விமானம் ஒன்று கடலின் மீது வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 230 பேரும் மாண்டனர். வெடித்தது அதன் நடுத்தொட்டி. அது நிறைந்திருக்கவில்லை, அனேகமாகக் காலியாக இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. காலித் தொட்டியிலோ எண்ணெயின் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. தொட்டிக்குக் கீழிருந்த குளிர்சாதனக் கருவிகளின் வெப்பம் அவ்வாவியை மிகுதியாக்கியிருந்தது. எண்ணெய்மானியின் கம்பிகள் வழியே மிகை மின்சாரம் உள்ளே சென்று தீ மூட்டியிருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் கருதினர். இதன் பயனாக அமெரிக்க விமானத் துறை 2008இல் புதிய விதி வகுத்தது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து அத்தகைய தொட்டிகளில் நிரப்பும் கருவிகள் வழக்கத்துக்கு வந்தன. தீ வளர்வதற்குப் பிராணவாயு வேண்டும். அது குறைந்த இடத்தில் பொறி விழுந்தாலும் தீ பிடிக்காது.

இறுதியாக ஒன்று கூறுவோம். ஜம்போ விமானம் மேலே பறக்கையில் மணிக்குச் சுமார் 10 முதல் 12 டன் எண்ணெயை எரிக்கிறது. எனினும் அது சேருமிடத்தை அடையும்போது தொட்டிகள் வற்றியிருப்பதில்லை. மூடுபனியால் இறங்க இயலாவிடில் வேறொரு நிலையத்துக்குச் செல்லவும், அங்கும் வானில் மேலும் 30 நிமிடம் வட்டமிடவும் போதுமான எண்ணெய் கைவசம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் செலவாகிறது. ஆகவே இது கம்பெனிக்கு ஒரு நஷ்டமே. இருந்தும் அதனைக் குறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. ஊரில் காத்திருப்போரிடம் நம்மைக் கொண்டு சேர்ப்பது எரிந்துபோன எண்ணெய் மட்டுமன்று. எரியாமல் தொட்டியில் எஞ்சி நிற்கும் எண்ணெயும்தான்.