பிரேக்கை மிதித்துப் பார்த்தால் மட்டும் போதாது

தம்பி, தே தாரேக்கைக் குடித்துக்கொண்டே கேள். டிரெய்லர் ஓட்டப் போகிறாய். பாயான் லெப்பாஸில் ஏற்றும் கண்டெய்னர் பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும். அந்தப் பாதையில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே சுமாரான பிரேக்கும் நல்ல பிரேக்காகத்தான் தெரியும். தெற்கே ஈப்போவுக்குப் போகும்போதுதான் உண்மை வெளிப்படும். மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் ஜெலப்பாங் வரை நீண்ட இறக்கம். முன்பு அதன் அடிவாரத்தில் டோல் சாவடி ஒன்று இருந்தது. பிரேக் பிடிக்காத கனரக வாகனங்கள் வந்து மோதிய விபத்துகளால் பெயர் கெட்டுப்போன சாவடி அது. பிறகு அதையே அகற்றிவிட்டார்கள். இறக்கம் அப்படியேதான் இருக்கிறது.

பிரேக்கைச் சோதிப்பதற்கு முன் அது வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். காரில் பிரேக்கை இயக்குவது எண்ணெய், டிரெய்லரில் காற்று. முன்வண்டியின் கம்ப்ரசர் காற்றைத் தொட்டிகளில் அடைத்து வைக்கிறது. அங்கிருந்து டிரெய்லருக்கு இரண்டு குழாய்கள் போகின்றன. சிவப்புக் குழாயில் எப்போதும் காற்று நிற்கும். மற்றது நீ மிதிக்கும்போது மட்டும் காற்றைக் கொண்டுபோகும். சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லர் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில்களுக்காகக் கொண்டுவந்தார். நல்ல காவல்தான். ஆனால் காற்று இருந்தும் பிரேக் பிடிக்காமல் போகும் நிலை ஒன்று உண்டு. அதற்கு இந்தக் காவல் உதவாது.

சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார். வட்டமான பிரேக் சேம்பர் தெரியும். உள்ளே ரப்பர் டயஃப்ரம். காற்று அதைத் தள்ளினால் ஒரு கம்பி வெளியே நீளும். கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தள்ளும். அது எஸ் வடிவ கேமைத் திருப்பும். கேம் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்தும். பரவலாக இருக்கும் 30ஆம் எண் சேம்பரில் டயஃப்ரமின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ காற்று வந்தால் கம்பியில் 3,000 பவுண்டு விசை, அதாவது சுமார் 1,360 கிலோ விசை கிடைக்கும்.

ஆனால் கம்பி மொத்தம் நீளக்கூடியது இரண்டரை அங்குலம்தான். ஷூவின் மேலுள்ள லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். கம்பி இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும். கடைசிக் கட்டத்தை நெருங்கினால் விசை மளமளவென்று குறைந்துவிடும். கிணற்றில் நீர் இறங்கிப்போய்க் கயிறு எட்டாமல் போவது போலத்தான். இழுப்பவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வாளி நனையாது. இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு இன்னும் விலகும். லைனிங்கின் பிடிப்பும் சூட்டில் குறையும். அப்போதும் மீட்டரில் காற்று முழுதாகக் காட்டும். காலுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

சமதரையில் வண்டியை நிறுத்து. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. காற்று 90 முதல் 100 பிஎஸ்ஐ வரை ஏறியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவி. கம்பி சேம்பரைவிட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. கூட்டாளி பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து பார். சாதாரண 30ஆம் எண் சேம்பருக்கு வரம்பு 2 அங்குலம், 51 மில்லிமீட்டர். நீண்ட கம்பி வகைக்கு வரம்பு வேறு. சேம்பரிலேயே குறி இருக்கும். எல்லாச் சக்கரங்களையும் அளக்க வேண்டும். ஓர் அச்சின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வரம்பைத் தாண்டியிருந்தால், கையால் திருகும் ஸ்லாக் அட்ஜஸ்டரில் பூட்டு வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு போல்ட்டைத் திருகு. பிரேக் பிடிக்கும் திசையில் கேம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள். ஷூ டிரம்மைத் தொட்டதும் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் விடு. மறுபடி அளந்து பார். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டராக இருந்தால் திருகிச் சமாளிக்காதே. அது வரம்பைத் தாண்டியிருந்தால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது; பட்டறைக்காரரிடம் காட்டு. பின்பக்கம் இரட்டையாக இருக்கும் சேம்பரை எக்காரணம் கொண்டும் கழற்றாதே. உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போய்விடும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அது தொட்டியில் தண்ணீராகச் சேர்ந்து வால்வுகளைக் கெடுக்கும். தினமும் திறந்து வடித்துவிடு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி செய்.

புஸ்பாகோம் வாகனச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. அது அன்றைய நிலையைச் சொல்லும். அடுத்த நாளிலிருந்து லைனிங் தேய்வதைப் பார்க்க வேண்டியவன் நீ. ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அளவையும் தேதி போட்டு எழுதிவை. “பிரேக் சரியில்லை” என்று நீ சொன்னால் முதலாளி, “நேற்றுப் பிடித்ததே” என்பார். மூன்று வாரத்தில் 38 மில்லிமீட்டர் 54 ஆகியிருப்பதை எழுத்தில் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. இறக்கத்தில் உனக்கு முன்னால் போகும் காரில் ஒரு குடும்பம் இருக்கும்.