ஓதம் பார்த்து இறங்கும் விமானம்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது பாரா தீவு. அங்குள்ள விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் மேலதிகாரி கடல்தான். தார் ரோடு, கான்கிரீட் எதுவும் கிடையாது. 'ட்ராய் வோர்' என்ற பரந்த மணல்வெளியே ஓடுபாதை. 1936-இல் தொடங்கிய சேவை இது.

ஓதம் ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும். ஏற்றமும் வற்றமும் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போவதால், கிளாஸ்கோ விமானத்தின் நேரமும் கூடவே நகர்கிறது. நேற்று காலையில் வந்த விமானம் அடுத்த வாரம் பிற்பகலில் வரலாம்.

மூன்று ஓடுபாதைகள், முக்கோணமாக. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராக இறங்கத்தான் இந்த ஏற்பாடு. முனைகளில் மரக்கம்பம் நட்டிருக்கிறார்கள், அவ்வளவே அடையாளம். நீளமான பாதையே 900 மீட்டரைத் தொடாது. குறுகிய தூரத்தில் இறங்கி ஏறும் 19 இருக்கை ட்வின் ஓட்டர் விமானத்துக்கு அது போதும். கடல் உள்வாங்கியதும் மணலைச் சுற்றிப் பார்ப்பது ஊழியர் வேலை. கரை ஒதுங்கிய மரக்கட்டை கிடக்கிறதா, எங்காவது பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே விமானம் இறங்கலாம். சக்கரம் வாரியடிக்கும் உப்புத்தண்ணீர் உலோகத்தை அரிக்கும் என்பதால் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது இன்னொரு தலைவலி.

இதே மணலில்தான் ஊர்க்காரர்கள் மட்டி பொறுக்குகிறார்கள். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் பறந்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இறக்கிவிட்டால் மண்வெட்டியும் வாளியுமாக வரலாம். இதை அறிவிக்க ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்!

எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1930-களில் இந்தக் கரையோரம் வீடு கட்டி வாழ்ந்தவர். 1972-இல் எடின்பரோவில் இறந்தபோது, அவர் உடலும் விமானத்தில்தான் தீவுக்கு வந்தது. அடக்கத்தில் பேக்பைப் வாசித்த எண்பதைத் தாண்டிய நண்பர் அங்கேயே சரிந்து இறந்துபோனார். தீவுக்காரர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

இருட்டினால் வழக்கமான சேவை இல்லை. ஓடுபாதையில் விளக்கே கிடையாதே. நோயாளியை அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தால், மணலில் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளை விரித்து, வண்டிகளின் முகப்பு விளக்கைப் போட்டு விமானத்தை இறக்குவார்கள். அதுவும் ஓதம் இடம் கொடுத்தால்தான்.