தொழுகை நேரச் செயலி எழுதும் பிள்ளைகளுக்கு



நம் அறக்கட்டளையின் உதவித்தொகையில் கணினிப் படிப்பு படிக்கும் பிள்ளைகளில் பலர், இறுதியாண்டு புராஜெக்ட் என்று வந்தால் தொழுகை நேரம் காட்டும் மொபைல் செயலியையே எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் மார்க் வாங்கியதோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. வீட்டில் உம்மா அதைப் பார்த்து ஸஹர் உணவை நிறுத்துவார், பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து நோன்பு திறப்பார். அதனால் இதில் கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்களை இங்கே விளக்குகிறோம். பெற்றோரும் படியுங்கள், உங்கள் போனில் இப்போது இருக்கும் செயலியைச் சரிபார்க்க உதவும்.

முதலில் நேரக் கணக்கு. இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் ஆகிய நான்கும் இருந்தால் சூரியனின் நிலையைப் போனே கணக்கிட்டுவிடும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. நம் மாநிலம் அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால் சென்னையில் உச்சி சாய்வது சராசரியாக 9 நிமிடமும், கோயம்புத்தூரில் 22 நிமிடமும் தாமதம். இதன் மேல், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துவதும் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துவதுமான ஆண்டுச் சுழற்சி வேறு. ஆகவே சென்னை அட்டவணையை வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்தால் லுஹர் ஓரளவு சரியாக வரும். சூரிய உதயத்தையும் மறைவையும் சார்ந்த நேரங்கள் பிசகும், ஏனென்றால் அவை அட்சரேகையைப் பொறுத்தும் மாறுகின்றன.

சூத்திரத்தை நீங்களே எழுத ஆசைப்படலாம், தவறில்லை. ஆனால் ‘அதான்’ என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு பல மொழிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, அமைப்புகளைச் சரியாக வைப்பதில் நேரத்தைச் செலவிடுவது மேல் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் பெரும்பாலான பிழை அமைப்புகளில்தான் நுழைகிறது.

ஃபஜ்ரு நேரம், சூரியன் தொடுவானத்துக்கு எத்தனை பாகை கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கராச்சி பல்கலைக்கழக முறையும் உலக முஸ்லிம் லீக் முறையும் 18 பாகை என்கின்றன. வட அமெரிக்க முறை 15 பாகை. நம் ஊரில் இந்த 3 பாகை வித்தியாசம் 12, 13 நிமிடம் ஆகிறது. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து எழுதியவர் 15 பாகையை மாற்றாமல் விட்டுவிட்டால், ஒரு குடும்பமே ரமளான் முழுவதும் ஃபஜ்ரு வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அஸரும் அப்படியே. ஷாஃபி மத்ஹபுக்கும் ஹனஃபி மத்ஹபுக்கும் நம் பகுதியில் டிசம்பரில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலும், ஜூனில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வித்தியாசம் வரும். இரண்டு மத்ஹபினரும் வாழும் மாநிலம் இது. செயலியை முதல்முறை திறக்கும்போதே எந்த மத்ஹப் என்று கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

விநாடிகளை நிமிடமாக்குவதிலும் பேணுதல் வேண்டும். ஸஹர் முடிவைக் கீழ்நோக்கியும், பாங்கு நேரத்தை மேல்நோக்கியும் முழுமையாக்குங்கள். ஃபஜ்ருக்குக் கணக்கு 4 மணி 51 நிமிடம் 40 விநாடி என்று வந்தால் ஸஹர் முடிவு 4.51, பாங்கு 4.52.

அடுத்தது பாங்கு ஒலிப்பது. “செயலியில் நேரம் சரியாகக் காட்டுகிறது, பாங்கு மட்டும் வரவில்லை” என்ற புகாரை அடிக்கடி கேட்கிறோம். காரணம், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கையில் எடுக்காமல் கிடக்கும் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆழ்ந்து உறங்கிவிடுகிறது. சாதாரண அலாரம் அப்போது தள்ளிப்போகும். உறக்கத்திலும் துல்லியமாக எழுப்பும் ‘செட் எக்ஸாக்ட் அண்ட் அலவ் வைல் ஐடில்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. எனவே அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பயனாளரிடம் எளிய தமிழில் காரணம் சொல்லிக் கேளுங்கள். அடுத்த ஒரு வக்துக்கு மட்டும் அலாரம் வைத்து, அது ஒலித்ததும் அதற்கடுத்ததை வைப்பது எளிய வழி. போனை அணைத்துப் போட்டால் வைத்த அலாரமெல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. போன் மீண்டும் எழும்போதும், நேரமோ நேர மண்டலமோ மாறும்போதும் திரும்ப வைக்க வேண்டும். துபாய்க்கோ ஜித்தாவுக்கோ போய் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

ஐபோனில் வேறு கட்டுப்பாடு. ஒரு செயலி 64 அறிவிப்புகளைத்தான் முன்கூட்டி வரிசையில் வைக்க முடியும். ஐந்து வக்து என்றால் 12 நாளுக்குத்தான் வரும். செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசையை நிரப்புங்கள். அறிவிப்பு ஒலி 30 விநாடியைத் தாண்டவும் கூடாது. முழுப் பாங்கு அதில் அடங்காது.

இனி இருப்பிட விவரம். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்கச் செய்தித் தளம், 9 கோடிக்கு மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனாளர்களின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குச் சென்றது என்றும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்கு விவரங்களை விற்றது என்றும் எழுதியது. செய்தி வந்ததும் எக்ஸ்-மோடுடன் விவரம் பகிர்வதை நிறுத்துவதாக முஸ்லிம் புரோ அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவந்ததைக் காட்டும் விவரங்களை விற்க அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

இப்படி விவரம் வெளியேறும் வழி பெரும்பாலும் எஸ்.டி.கே. எனப்படும் ஆயத்த நிரல் துண்டுகள்தான். விளம்பரத்துக்காக ஒன்று, எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ண ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். இருப்பிட அனுமதியைப் பயனாளர் உங்கள் செயலிக்குத்தான் கொடுக்கிறார், உள்ளே இருக்கும் அந்தத் துண்டுகளுக்கும் அது கிடைத்துவிடுகிறது. சேர்க்கும் ஒவ்வொன்றும் எதை, யாருக்கு அனுப்புகிறது என்று படித்துப் பாருங்கள். புரியாததைச் சேர்க்காதீர்கள்.

உண்மையில் துல்லிய இருப்பிடமே தேவையில்லை. நம் பகுதியில் கிழக்கு மேற்காக 27 கிலோமீட்டர் நகர்ந்தால்தான் ஒரு நிமிடம் மாறும். ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் செயலிக்குள்ளேயே வைத்து, ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முடிந்தது. தானாக வேண்டும் என்பவருக்குத் தோராய இருப்பிடம் மட்டும் கேளுங்கள். அந்த எண்களைப் போனை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். பின்னணியில் எந்நேரமும் ஜி.பி.எஸ். ஓடினால் பேட்டரியும் காலியாகும்.

ஹிஜ்ரி தேதியைக் கணக்கிட்டுக் காட்டினால் பிறை பார்த்த அறிவிப்போடு ஒரு நாள் வேறுபடலாம். ஒரு நாள் கூட்டவும் குறைக்கவும் வசதி வையுங்கள். பெருநாள் அன்று தலைமை காஜியின் அறிவிப்புக்கும் உங்கள் செயலிக்கும் சண்டை வேண்டாம்.

செயலியைப் பிறருக்குக் கொடுக்கும் முன் மார்ச் 21, ஜூன் 21, செப்டம்பர் 23, டிசம்பர் 21 ஆகிய நான்கு நாட்களின் நேரங்களை உங்கள் பள்ளிவாசல் வக்து அட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நிமிட வேறுபாடு பேணுதலுக்காகச் சேர்த்ததாக இருக்கலாம், மோதினாரிடமோ இமாம் ஹஜ்ரத்திடமோ கேட்டால் தெரியும். பத்து நிமிடம் என்றால் பாகையைப் பாருங்கள்.