பிரசவ அறையின் இரண்டு கோடுகள்

வலி எடுத்த பெண்ணுக்கு எதுவரை பொறுத்துப் பார்க்கலாம், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? ஆயக்குடி போன்ற ஊர்களில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு இதுதான் பெரிய கேள்வி. பழனி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். ஆனால் நேரத்தோடு கிளம்பினால்தான் அது பக்கம். இதை முடிவு செய்ய உதவும் ஒற்றைத் தாள்தான் பார்ட்டோகிராஃப்.

கருப்பை வாய் மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்பதை 1954இல் வரைபடமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன். 1972இல், இன்றைய ஜிம்பாப்வேயில் பணியாற்றிய ஃபில்பாட்டும் காஸிலும் அதில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். டாக்டர் இல்லாத சிறு நிலையங்களின் செவிலியரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

நம் நாட்டுச் செவிலியருக்கான எளிய படிவத்தில், கருப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் பதிவு தொடங்கும். மணிக்கு 1 செ.மீ. வீதம் 10 வரை ஏறும் சாய்கோடு எச்சரிக்கைக் கோடு. அதற்கு வலப்புறம், 4 மணி நேரம் தள்ளி, செயல் கோடு. குறிகள் முதல் கோட்டைத் தாண்டினால் 108 வண்டிக்குச் சொல்லி, அனுப்ப ஆயத்தமாக வேண்டும். இரண்டாவதைத் தொடுவதற்குள் சிசேரியன் வசதி உள்ள இடத்தில் தாய் இருந்தாக வேண்டும். இடையிலுள்ள 4 மணி நேரம் பயணத்துக்கான அவகாசம்.

சிசுவின் இதயத்துடிப்பு, 10 நிமிடத்தில் எத்தனை வலி, தாயின் நாடி ஆகியவை அரை மணிக்கொரு முறை பதிவாகும். ரத்த அழுத்தம், உடல் வெப்பம், கருப்பை வாயின் திறப்பு 4 மணிக்கொரு முறை. பனிக்குட நீரின் நிறத்தையும் குறிப்பார்கள்.

1990-91இல் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்தது. 18 மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன.

மணிக்கு 1 செ.மீ. என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று பின்னர் தெரிந்தது. அதனால் 2020இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய படிவத்தில் சாய்கோடுகள் இல்லை. பதிவு 5 செ.மீ.யில் தொடங்கும்; ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனிக் கெடு: 5இல் 6 மணி நேரம், 9இல் 2 மணி நேரம். துணைக்கு ஆள் இருக்கிறாரா, தாய் ஏதாவது குடித்தாரா என்பதற்கும் கட்டங்கள் உண்டு.

எந்தப் படிவமானாலும் அவ்வப்போது நிரப்பினால்தான் பயன். பிரசவம் முடிந்தபின் எழுதுவது கணக்குக்கு மட்டுமே உதவும். “இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே சிஸ்டர்” என்று குடும்பத்தார் கேட்கும்போது, பொறுக்கலாமா கூடாதா என்று சொல்லச் செவிலியருக்கு ஆதாரம் வேண்டும். அது அந்தத் தாளில் இருக்கிறது.