சயனைடு குன்றுகளும் மின்னஞ்சல் பெட்டியும்

கோலார் தங்க வயலின் அடையாளம் இன்று சுரங்கங்கள் அல்ல, சயனைடு குன்றுகளே. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட மண் அது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்த அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆயினும், கழிவென ஒதுக்கிய மண்ணிலும் சிறிது பொன் எஞ்சியுள்ளது. அத்தகைய 13 மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது.

நம் மின்னஞ்சல் பெட்டியும் ஏறக்குறைய அப்படியொரு மேடுதான். தள்ளுபடி அறிவிப்பு, பயணச் சலுகை, என்றோ ஒருநாள் சட்டை வாங்கிய கடையின் பண்டிகை வாழ்த்து ஆகியவற்றுக்கு அடியில் வங்கியின் பரிவர்த்தனை அறிவிப்பு கிடக்கும். அதைக் காணாது விட்டால் இழப்பு நேரக்கூடும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதனைத் தெளிவாக்கியது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியில், அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என அது வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலைநாட்கள் வரை தாமதித்தால் வரம்புக்கு உட்பட்ட பொறுப்பு உண்டு என்றது. அதற்கும் பிந்தினால், அந்தந்த வங்கியின் கொள்கைப்படியே முடிவாகும் என்றது.

எனவே அழிப்பதற்கு முன் பிரிப்போம். ஜிமெயிலில் இதற்கு 'வடிப்பான்' என்னும் வசதி உண்டு. கைப்பேசிச் செயலியில் இதனை உருவாக்க இயலாது, கணினி வேண்டும். தேடல் பெட்டியின் வலப்புறக் குறியைச் சொடுக்கி, அனுப்புநர் முகவரியை இட்டு, வடிப்பானை உருவாக்கலாம். முதல் வடிப்பான் வங்கிக்கே உரியதாகட்டும்: தனி லேபிள், முக்கியக் குறி, 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்னும் கட்டளை. அடுத்தடுத்த வடிப்பான்கள் விளம்பரங்களுக்கு. அவை இன்பாக்ஸைத் தவிர்த்துத் தனி லேபிளில் சேரட்டும். பழைய மடல்களுக்கும் அதே விதியைப் பொருத்தலாம். 'சலுகை', 'கடன்' போன்ற சொற்களைக் கொண்டு தானாக அழிக்கும் விதியை மட்டும் எழுத வேண்டா. வீட்டுக்கடன் தவணை பற்றிய மடலும் அத்துடன் போய்விடும்!

நம்பகமான நிறுவனத்தின் விளம்பரமாயின், 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானே போதும். அறியாதவர் அனுப்பிய மடலுக்குள் இருக்கும் இணைப்பைத் தொடாமல், ஸ்பேம் எனக் குறித்தலே நன்று.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். இத்தகையோர் அமர இடம் கிடைத்த நாளில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால், தேவையற்ற அனுப்புநர்களை ஒவ்வொருவராக நீக்கிவிடலாம். இடநெருக்கடி இருப்பின், பெரிய இணைப்புகளைக் கொண்ட பழைய மடல்களிலிருந்து தொடங்குக. இலவச 15 ஜிபி இடத்தை நிழற்படங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

வங்கியின் பெயரைத் தாங்கிவரும் மடல்களில் போலிகளும் உண்டு. போலித் தளங்களைப் பிரித்தறியவே ரிசர்வ் வங்கி 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் இணைய முகவரியை வங்கிகளுக்கென வகுத்துள்ளது. பெயரைப் பாராது முகவரியின் இறுதியைப் பாருங்கள். ஸ்பேம் பெட்டியையும் வாரம் ஒருமுறை நோக்குங்கள். அங்குள்ளவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும்.