உங்களுக்குத் தெரியுமா? வயிற்றுக் கிருமியும் மூலிகையும்

● வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று நம்பிய காலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் பாரி மார்ஷல், கிருமிதான் காரணம் என்று காட்ட, 1984ல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. இரைப்பையில் அழற்சி உண்டானது. 2005ல் உடன் ஆய்வு செய்த ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசும் வந்தது.

● அந்தக் கிருமியை ஒழிக்க ஆன்டிபயாடிக்தான் வேண்டுமா? கிரீஸின் கியோஸ் தீவில், மரத்தைக் கீறினால் சொட்டும் மாஸ்டிக் பிசினை வாயில் போட்டு மெல்வது பழைய வழக்கம். ஆய்வகத்தில் இந்தப் பிசின் கிருமியைக் கொல்கிறது என்று 1998ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து செய்தி வந்தது. 2003ல் அதே ஊரில் 8 நோயாளிகளுக்குத் தினம் 4 கிராம் வீதம் 14 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேர் வயிற்றிலும் கிருமி ஜம்மென்று இருந்தது!

● பூண்டின் கிருமிக்கொல்லிப் பொருளான அல்லிசின், முழுப் பூண்டில் கிடையாது. நசுக்கினால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து அது உண்டாகும். முழுப் பல்லாகவே வேகவைத்தால் அந்த வாய்ப்பும் போச்சு. ஆக, பூண்டுக் குழம்பு நாக்குக்குத்தான்.

● மரமஞ்சள் வேறு, சமையல் மஞ்சள் வேறு. மரமஞ்சளின் மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற பொருளால் வருவது. டாக்காவில் 400 மில்லிகிராம் பெர்பெரினை ஒரே வேளையாகக் கொடுத்து 1987ல் வெளியிட்ட ஆய்வில், ஈ.கோலை கிருமியால் வரும் பேதி கணிசமாகக் குறைந்தது. காலராவில் கதை வேறு: டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை.

● அமேசான் காட்டில் ஒரு மரம். பட்டையைக் கீறினால் ரத்தம்போல் பால் வடியும். அதிலிருந்து எடுத்த குரோஃபெலிமர் மருந்துக்கு 2012ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இது எந்தக் கிருமியையும் கொல்லாது! குடலுக்குள் நீர் சுரப்பதை அடக்கும், அவ்வளவே. அனுமதியும் எச்ஐவி நோயாளிகளுக்கு வரும், தொற்றால் வராத பேதிக்குத்தான்.

● 1971, வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பங்கான் முகாம். காலராவில் 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் திலீப் மகலானபிஸ் வாய்வழியாக ஒரு கரைசல் கொடுக்க ஆரம்பித்தபின் அது 4க்கும் கீழே இறங்கியது. அதில் இருந்தவை குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா, தண்ணீர்.